கறையான் தின்னாத கொப்பி

கறையான் கூத்தைக் கடைசியிலிருந்து வாசித்திருந்தது. பின்னட்டையில் நுழைந்து மங்களத்தைத் தின்று, மதுரை எரிந்ததைத் தின்று, கண்ணகி வழக்குரைத்த பக்கங்களில் விரல் போகிற அளவுக்கு ஒரு பாதை போட்டுக்கொண்டு, கோவலன் தட்டானைச் சந்திக்கிற இடத்துக்கு வந்து நின்றிருந்தது. ஒற்றைக்கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. நீல மை. ஓரத்தில் சிவப்பு மையில் அங்கங்கே ஒரு சுழி, ஒரு கொக்கி, எண்ணெய்ப் பெருவிரல் ஒன்றின் அடையாளம். பக்கங்களைப் புரட்டினால் மண்துகள் உதிர்ந்தது.

வன்னியில் ஒரு வீட்டு விறாந்தை. கொப்பிக்குச் சொந்தக்காரர் இளவயதில் கோவலன் கூத்தில் தட்டானுக்கு ஆடியவர். தரு என்கிற கூத்துப் பாட்டொன்றில் ஓட்டை விழுந்த இடத்தைக் காட்டி, "ஐயா, இந்த வரி போயிட்டுதே" என்றேன். கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. சாய்மனைக் கதிரையின் கைப்பிடியில் நாலு விரலால் தட்டத் தொடங்கினார். முதல் அடியை முனகினார், இரண்டாவதையும் முனகினார், மூன்றாவது ஓட்டை விழுந்த அடி. தடக்கமில்லாமல் அதையும் கடந்து போனார்.

"உது போகேல்லைத் தம்பி. அங்கதான் கிடக்கு."

எங்கே? அன்றிலிருந்து என்னைக் குடைகிற கேள்வி அதுதான். கொப்பியில் இல்லாத வரி எங்கே இருந்தது? எந்த உருவத்தில் இருந்தது? அதைத் தின்னக் கறையானால் ஏன் முடியவில்லை?

வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் ஊர்க்கதை. முல்லைத்தீவில் நந்திக்கடலின் ஓரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசி விசாகத்தை ஒட்டிப் பொங்கல். அதற்குமுன் கடலிலிருந்து எடுத்துவரும் நீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரியும் என்பது ஊரின் நம்பிக்கை. மதுரையை எரித்துவிட்டுக் கோபம் அடங்காமல் வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடம் இது, பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள். கிழவியாக வந்தவளின் தலையில் மாடு மேய்த்த சிறுவர்கள் ஆயிரம் கண்ணைக் கண்ட கதையும் உண்டு. உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டது 1892இல். அச்சுப் புத்தகத்துக்குக் காத்திராமலே கண்ணகி கதையைப் படித்தும் பாடியும் ஆடியும் வைத்திருந்த ஊர்கள் ஈழத்தில் பல. இந்தப் பகுதியும் அவற்றுள் ஒன்று. படிப்பது சிலம்பு கூறல். ஆடுவது கோவலன் கூத்து. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வடமோடி, தென்மோடி என்பதுபோல இங்கத்தைய கூத்துக்கு முல்லைமோடி என்று தனிப்பெயர்.

விடிய விடிய ஆடுகிற கூத்து. அதற்குரிய பாட்டு முழுவதும் ஒரு கொப்பிக்குள் அடங்கிவிடுகிறது. இங்கேதான் முதல் சந்தேகம் வரவேண்டும். ஓர் இரவை எழுத்தாக விரித்தால் ஒரு கொப்பி போதுமா? போதாது. கொப்பியில் இருப்பது கூத்தின் எலும்பு மட்டுமே. தரு, விருத்தம், யார் வரவு, யார் போக்கு, அவ்வளவுதான். ஆட்டம் கிடையாது. மெட்டின் பெயர் இருக்கலாம், மெட்டு இராது. எந்த அடியை எத்தனை தரம் மடக்கிப் பாடுவது, பிற்பாட்டுக்காரர் எங்கே எடுப்பது, மத்தளக்காரர் எங்கே முத்தாய்ப்பு வைப்பது, ஒன்றும் இராது. கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாருக்கு அதெல்லாம் தேவையில்லை. தெரிந்த ஊருக்குப் போகிறவன் வரைபடத்தில் ஆலமரத்தைக் குறிப்பதில்லை.

மட்டக்களப்புக் கூத்தில் 'சட்டம் கொடுத்தல்' என்று ஒரு சடங்கு உண்டு. யார் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவான பிறகு, அவரவர் பாட்டை மட்டும் எழுதிய ஏட்டுச் சட்டத்தை அண்ணாவியார் அவரவர் கையில் கொடுப்பார். முழு நாடகமும் ஏட்டண்ணாவியாரிடம்தான். நடிகனுக்குத் தெரிந்ததெல்லாம் தன் பங்கு மட்டும்.

இதே ஏற்பாடு ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் இருந்தது. நடிகனுக்கு அவன் பேச்சை மட்டும் நீண்ட காகிதச் சுருளில் எழுதிக் கொடுப்பார்கள். மற்றவர் பேச்சின் கடைசி இரண்டு மூன்று சொற்கள் மட்டும் இருக்கும். அதைக் கேட்டதும் இவன் தொடங்கவேண்டும். நடிகனின் பாத்திரத்தைக் குறிக்கும் 'ரோல்' என்ற சொல்லே அந்தச் சுருளிலிருந்து பிறந்ததுதான். அக்காலத் தொழில்முறை நாடகச் சுருள்களில் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. எட்வர்ட் அலெய்ன் என்ற பெரும் நடிகர், றொபேட் கிறீனின் நாடகத்தில் ஒர்லாண்டோவுக்கு நடித்தபோது பயன்படுத்தியது. 1590களின் தொடக்கம். அலெய்ன் நிறுவிய டல்விச் கல்லூரியில் அவருடைய தாள்களோடு கிடந்ததால் தப்பியது. எழுதியவன் பிரதி எடுக்கையில் விட்ட இடங்களை அலெய்ன் தன் கையாலேயே நிரப்பியும் திருத்தியும் இருக்கிறார். எங்கள் கொப்பியின் ஓரத்திலிருந்த சிவப்பு மைச் சுழிகளைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சுருள்தான் நினைவுக்கு வந்தது. நானூறு வருடமும் ஏழு கடலும் இடையில் கிடக்கின்றன. ஆனாலும் இரண்டும் ஒரே தொழிலின் பழக்கம்.

அலெய்னின் சுருள் நானூறு வருடம் தாங்கியது. எங்கள் கொப்பி ஒரு மனிதனின் ஆயுளைக்கூடத் தாங்காது. கறையான் இல்லாவிட்டாலும் தாங்காது.

காரணம் காகிதத்தின் பிறப்பில் இருக்கிறது. அலெய்ன் காலத்துக் காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்தது. லினன் நாரின் செலுலோஸ் நீண்ட, சுத்தமான சங்கிலி. பள்ளிக்கூடக் கொப்பியின் காகிதம் மரக்கூழ். மரத்தை மரமாக நிற்கவைக்கும் லிக்னின் அதில் தங்கிவிட்டால் வெளிச்சம் பட்டு மஞ்சளாகும். மை ஊறாமல் இருக்கப் பழைய ஆலைகளில் சேர்த்த படிகாரம், காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அமிலம் செலுலோஸ் சங்கிலியை நடுவில் வெட்டும். வெட்டும்போது புதிய அமிலம் பிறக்கும். அதுவும் வெட்டத் தொடங்கும். தன்னைத் தானே தின்னும் பொருள் இது. அமெரிக்காவின் றிச்மண்ட் நகரில் வில்லியம் பரோ என்பவர் 1950களில், அந்த நூற்றாண்டின் முதற்பாதியில் அச்சான 500 நூல்களைச் சோதித்தார். பெரும்பாலானவற்றுக்கு இன்னும் ஐம்பது வருட ஆயுள்கூட இல்லை என்றார். குளிர்நாட்டுக் கணக்கு அது. வெப்பம் ஏறுமளவுக்கு இந்த வேதிவினை வேகமெடுக்கும். மாரியில் நசிந்து கோடையில் பொரிந்து கிடக்கும் வன்னி வீட்டு இறாக்கையில் என்ன கதி என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

பழைய கொப்பி வீட்டில் இருந்தால் மூலையை ஒருமுறை முன்னே மடித்து, அதே கோட்டில் பின்னே மடித்துப் பாருங்கள். நூலகர்கள் செய்கிற சோதனை. நல்ல காகிதம் மீண்டும் மீண்டும் தாங்கும். சாகிற காகிதம் இரண்டாவது மூன்றாவது மடிப்பில் பிஸ்கற் மாதிரி ஒடியும். பிறகு மணந்து பாருங்கள். மாத்தியா ஸ்ட்ர்லிச்சும் அவருடைய கூட்டாளிகளும் 2009இல் பழைய நூல்களின் வாசனையை ஆவிகளாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். அசற்றிக் அமிலம், பேர்பியூரல் போன்ற ஆவிகளின் அளவை வைத்தே காகிதம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஊகிக்க முடிந்தது. பழைய புத்தக வாசனை என்று நாம் உருகுவது உண்மையில் காகிதம் சாகிற வாசனை.

இந்தப் பொல்லாப்பு கொப்பியோடு நிற்பதில்லை. அசற்றேற் படச்சுருளும் இதே மாதிரித்தான் சாகும். ஈரமும் வெப்பமும் பட்டால் அசற்றிக் அமிலத்தை விடும், அது மேலும் அரிக்கும், சுருள் சுருங்கி நெளியும். வினிகர் நோய் என்றே அதற்குப் பெயர். ஈழத்துத் தமிழ்ப் படங்களுக்கு அந்த நோய் வந்து சாகிற அதிர்ஷ்டம்கூட எல்லாவற்றுக்கும் கிடைக்கவில்லை. 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் அதோடு எரிந்தன. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. 2009இல் போரின் முடிவில் வன்னிச் சனம் முழுவதும் கையில் அகப்பட்டதோடு நடந்தது. ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்து முகாம்களில் போய்ச் சேர்ந்தார்கள். அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் என்று பொலித்தீன் பைக்குள் வைத்துக் காவுகிறபோது கூத்துக் கொப்பியை எந்த வரிசையில் வைப்பது? என்னால் யாரையும் குறைசொல்ல முடியாது.

ஆனாலும் கோவலன் கூத்து இருக்கிறது. ஆடுகிறார்கள்.

ஆகவே விறாந்தைக் கேள்விக்குத் திரும்புவோம்.

விளங்கவைக்க நானே இரண்டு அடியை இட்டுக்கட்டுகிறேன். கூத்தில் உள்ளதல்ல, குறைசொல்ல வராதீர்கள்.

மன்னவன் வாசலில் வந்துநின்றாள் – கையில்
____ சிலம்பொன்று கொண்டுநின்றாள்

விட்ட இடத்தில் என்ன சொல் வரும்? பொருளை மட்டும் வைத்துத் தேடினால் வெள்ளி, தங்க, ஒற்றை, மற்ற, உடைந்த, மாணிக்க என்று பல வரும். ஓசையை மட்டும் வைத்து, மன்னவனுக்கு எதுகையாக இரண்டாம் எழுத்து 'ன்' என்று தேடினால் அன்ன, சின்ன, பின்னி, முன்னே, பொன்னின் என்று அதுவும் பல. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால்? விரல்விட்டு எண்ணத் தேவையில்லை. "பொன்னின்" என்று எல்லாருமே சொல்வார்கள். சீரின் நீளமும் பொருந்தும், மெட்டும் இடிக்காது.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் றூபினும் வாண்டா வொலஸும் செய்த சோதனை இதுதான். பொருளுக்கான குறிப்பை மட்டும் கொடுத்தால் எதிர்பார்த்த சொல்லைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. ஓசைக் குறிப்பை மட்டும் கொடுத்தபோதும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கிட்டத்தட்ட எல்லாரும் அதே சொல்லைச் சொன்னார்கள். அதாவது இந்தக் குறிப்புகள் ஒன்றோடொன்று கூடவில்லை, பெருகுகின்றன. அதே இருவர், 1903இல் வேர்ஜீனியாவில் நடந்த ஒரு ரயில் விபத்தைப் பற்றிய நாட்டுப் பாட்டையும் எடுத்துக்கொண்டு பாடகர்களைப் பாடச் சொன்னார்கள். சொற்கள் மாறியிருந்த இடங்களிலும் தாளம் பெரும்பாலும் மாறவில்லை. பாடகர் மனதில் வைத்திருப்பது சொற்களின் பட்டியலை அல்ல. சொல் வந்து உட்காரவேண்டிய குழியின் வடிவத்தை.

கணிதக்காரர்கள் இதை வேறு பாதையால் வந்து கண்டுபிடித்தார்கள். 1948இல் கிளோட் ஷனன் தகவல் கோட்பாட்டை எழுதியபோது, ஆங்கில உரைநடையில் ஏறக்குறைய பாதி 'மிகை' என்று மதிப்பிட்டார். நாம் எழுதுவதில் பாதியை மொழியின் அமைப்பே தீர்மானித்துவிடுகிறது, பாதிதான் நம் சுதந்திரம். மிகை என்றால் வீண் அல்ல. தந்திக் கம்பியில் இரைச்சல் கலந்து எழுத்துகள் கெட்டாலும் செய்தியை மீட்க உதவுவது அந்த மிகைதான். செய்யுள் செய்வது என்ன? இருக்கிற மிகையின் மேல் மோனை, எதுகை, சீர், தாளம், மெட்டு என்று இன்னும் ஐந்து மடிப்பு மிகையை வேண்டுமென்றே ஏற்றுவது. இறுவட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு நிற்காமல் ஓடுவதற்குக் காரணம், 1960இல் றீட், சொலமன் இருவரும் வகுத்த பிழைதிருத்தும் குறிமுறை. தடத்தில் இரண்டரை மில்லிமீற்றர் நீளத்துக்குத் தகவல் அடியோடு அழிந்தாலும் மற்றத் தகவலை வைத்துக்கொண்டு கருவி அதைக் கணக்கிட்டு நிரப்பிவிடும். கறையான் போட்டதும் ஒரு கீறல்தான். பெரியவர் கதிரைக் கைப்பிடியில் தட்டி அதைக் கணக்கிட்டு நிரப்பினார்.

ஒப்புமையை இழுத்து நீட்டக் கூடாது. இறுவட்டுக் குறிமுறை அச்சொட்டாக மீட்கும். யாப்பு 'பொருந்துகிற ஒன்றை' மீட்கும். அது பழைய சொல்லாகவே இருக்கவேண்டும் என்றில்லை. ஓலையைப் பாருங்கள். எழுத்தாணியால் கீறும்போது புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள். எ–ஏ வேறுபாடில்லை, ஒ–ஓ வேறுபாடில்லை, காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே கீறு. மேலே நான் கட்டிய 'மன்னவன்' ஓலையில் 'மனனவன' என்றிருக்கும். 'பொன்னின்' என்பது 'பெரனனின' போலத் தெரியும். பாட்டைக் கேட்டிராதவனுக்கு இது புதிர். பாட்டுத் தெரிந்தவனுக்குச் சட்டென்று விளங்கும். ஆக ஓலையும் முழுப் பதிவு இல்லை. பாதி ஓலையில், பாதி வாசிப்பவன் காதில். அந்தக் காது தவறினால் பாட்டும் தவறும். 'படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்ற பழமொழி சும்மா வரவில்லை.

இன்னொன்று: பாடுகிறவருக்குத் தான் மாற்றுவது தெரியாது. 1930களில் மில்மன் பரியும் அவருடைய மாணவர் அல்பேட் லோர்டும் யூகோஸ்லாவியாவின் காவியப் பாடகர்களை ஒலிப்பதிவு செய்தார்கள். ஸோகிச் என்ற பாடகர், இன்னொருவரிடம் ஒரேயொரு தடவை கேட்ட பாட்டைத் தான் சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுவதாக அடித்துச் சொன்னார். இருவரின் பதிவுகளையும் வைத்துப் பார்த்தால் கதை ஒன்று, வரிகள் வேறு. அவர் பொய் சொல்லவில்லை. 'சொல்' என்று அவர் கருதியது அகராதியில் இருக்கிற சொல்லை அல்ல. கூத்தில் இந்த ஓட்டம் இவ்வளவு தூரம் போகாது. கொப்பி ஒன்று இருக்கிறது, பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அதைவிட முக்கியம், களரியைச் சுற்றி இருக்கிற சனம். காங்கேசன்துறை வி.வி.வைரமுத்து (1924–1989) தன் வசந்தகான சபாவோடு 'மயான காண்டம்' நாடகத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் ஆடியபோது, முன்வரிசைக் கிழவிகளுக்கும் பாட்டுப் பாடம். ஒரு பாட்டைத் தாண்டிப் போனால் விடமாட்டார்கள். கணினிக் காப்பகங்களில் ஒரு கோப்பு கெட்டுவிட்டதா என்று பார்க்க அதன் பல படிகளை ஒப்பிடுவார்கள். ஊர்க் கூத்தில் அந்தப் படிகள் பாயில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கின்றன.

சரி, தாளத்தைத் தட்டினால்தான் வரி வந்தது; ஏன்? தட்டாமல் சொல்லச் சொல்லிப் பார்த்தேன். பெரியவர் திணறினார். நடுவிலிருந்து தொடங்கச் சொன்னால் தலையிலிருந்து வந்தார். இல்லினோயில் ஹெல்கா நொய்ஸ், ரொனி நொய்ஸ் என்ற தம்பதி நடிகர்களின் நினைவாற்றலையே வாழ்நாள் ஆராய்ச்சியாகச் செய்தார்கள். கணவர் தானே நடிகர். நாடகம் முடிந்து மாதங்கள் கழித்து நடிகர்களைச் சோதித்தபோது, மேடையில் நடந்துகொண்டோ அசைந்துகொண்டோ பேசிய வரிகள், நின்ற இடத்தில் நின்று பேசியவற்றைவிட நன்றாக நினைவிருந்தன. நல்ல நடிகர்கள் வரிகளை உருப்போடுவதும் இல்லையாம். இவன் ஏன் இதை இப்போது சொல்கிறான் என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொண்டு போவார்களாம். வரி அதன் பின்னால் தானாக வருமாம். எங்கள் அண்ணாவிமார் காலில் சதங்கையைக் கட்டிவைத்து மாதக்கணக்கில் ஆட்டிப் பாடம் ஏற்றியது இதே காரணத்துக்கு. பாட்டு வாய்க்குப் போவதற்கு முன் காலுக்குப் போய்விடும்.

இவ்வளவும் தருவுக்கும் விருத்தத்துக்கும்தான். வசனத்துக்கு இந்தக் காவல் ஒன்றும் இல்லை. எதுகை இல்லை, தாளம் இல்லை, கொப்பியிலும் ஒழுங்காக இல்லை. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். கூத்தில் அரசனுக்குப் பாட்டு. கோவலனுக்கும் கண்ணகிக்கும் பாட்டு. கட்டியகாரனுக்கும் காவல்காரனுக்கும் தட்டானுக்கும் அதிகம் பேச்சுத்தான். சினிமாக்காரர்கள் குணச்சித்திர நடிகர் என்பார்களே, கூத்தில் அந்த வேலையைச் செய்பவர்கள் இவர்கள். சனம் அடுத்த நாள் கிணற்றடியில் திருப்பிச் சொல்வது இவர்கள் பேசியதைத்தான். ஆனால் கொப்பியில் இவர்களுக்கு ஒதுக்கிய இடம் ஒரு வரி.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்தார். இராவணேசனில் இராவணனாக ஆடியவர் பின்னாளில் பேராசிரியராகிய சி. மௌனகுரு. விடிய விடிய ஆடியதைச் சுருக்கி மேடையேற்றினார்கள். கூத்துப் பிரதிகளைத் தேடி அச்சிலும் ஏற்றினார்கள். அந்தப் பணி இல்லாவிட்டால் பல பாட்டுகள் இன்று இல்லை. சுருக்கும்போது முதலில் போவது எது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பேச்சை மட்டுமே நம்பி நின்ற நடிகர் ஒருவரையும் நினைக்கிறேன். கே.எஸ். பாலச்சந்திரன் (1944–2014). மேடை, வானொலி, 1978இல் வந்த 'வாடைக்காற்று' போன்ற படங்கள், பிறகு கனடா. அவருடைய 'அண்ணை றைற்' தனிநடிப்பில் ஒரே ஆள் யாழ்ப்பாணத்து பஸ் கொண்டக்டராக நின்று பஸ் முழுவதையும் காட்டுவார். அதன் எழுத்துப் பிரதியை மட்டும் வாசித்துப் பாருங்கள், ஒரு பகிடித் துணுக்குப் போலிருக்கும். குரலைக் கேட்டால் மிதிபலகை, கடகம், சில்லறைத் தகராறு எல்லாம் வந்துவிடும். எழுத்துக்கு எட்டாததைக் குரற்பதிவு வைத்திருக்கிறது. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி வருகிறது; ஓலைச்சுவடிகளையும் வாய்மொழி வரலாறுகளையும் அதில் சேர்த்துக்கொண்டது சரியான யோசனை. கொப்பியை வருடி எடுப்பவர்கள் ஓரத்துச் சிவப்புச் சுழியையும் எண்ணெய்ப் பெருவிரலையும் சேர்த்தே எடுக்கவேண்டும், சுத்தப்படுத்திவிடக் கூடாது என்பது என் கட்சி. எந்தப் பக்கத்தில் விரல் அடிக்கடி நின்றதென்று அந்தக் கறை சொல்லும்.

அன்று கொப்பியில் கறையான் நின்றுபோன இடத்தில் இருந்தது இரண்டே சொல்: 'தட்டான் வசனம்'. கீழே அடுத்த தரு தொடங்கியது.

"இதில என்ன பேசுவியள் ஐயா?"

பெரியவர் எழுந்து நின்றார். உள்ளங்கையை விரித்து இல்லாத சிலம்பை வாங்கினார். கையைக் கொஞ்சம் தாழ்த்தினார், நிறை பார்க்கிறார். காதடியில் வைத்துக் குலுக்கினார். பேசத் தொடங்கினார். விலையை விசாரித்தார், ஊரை விசாரித்தார், பெண்சாதியின் மற்றக் காலில் இருக்கிறதும் இதே மாதிரியோ என்று ஒன்றும் அறியாதவர்போலக் கேட்டார். நான் கைபேசியைத் தேடி எடுத்துப் பதிவை அழுத்துவதற்குள் முடிந்துவிட்டது. இன்னொருக்கால் செய்துகாட்டச் சொன்னேன். செய்தார். இந்தமுறை ஊரை விசாரிக்கவில்லை. காதடியில் குலுக்கவும் இல்லை. சிலம்பைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், கண்ணாடி இல்லாத கிழட்டுத் தட்டானாக உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"ஐயா, முதல் செய்தது மாதிரி இல்லையே?"

"முதல் எப்பிடிச் செய்தனான்?" என்று கேட்டார், உண்மையாகவே தெரியாமல்.

கைபேசியில் இருப்பது இரண்டாவது தட்டான்.